பிரேக்டவுனில் ஒரு கேள்வி

எங்கள் பேண்டில் நாலு பேர். கிதார் வாசிக்கிறவன், டிரம்ஸ் அடிக்கிறவனின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். அந்த மனைவிதான் எங்கள் பாடகி. இந்தக் குடும்பத்துக்கு நடுவே பாஸ் கிதாரை மாட்டிக்கொண்டு நிற்கிற நான் யாருக்கும் சொந்தமில்லை. உத்தமபாளையத்துக்காரன், வடுகபட்டியில் பூண்டு குடோன் வைத்திருக்கிறேன். சந்தை இல்லாத நாளில் அந்தக் குடோனில்தான் எங்கள் பிராக்டிஸ். ஆட்களின் பெயர் எதற்கு? கிதார்காரனை மச்சான் என்றும், டிரம்ஸ்காரனை மாப்பிள்ளை என்றும், பாடுகிறவளைத் தங்கச்சி என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன். என்னை மூவரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள்.

நாங்கள் வாசிப்பது மெட்டல்கோர். நீங்கள் கேட்டதில்லை என்றால் உங்கள் மேல் தப்பில்லை. தேனிப் பக்கம் அதைக் கேட்கிறவர்களை ஒரு ஷேர் ஆட்டோவில் அடைத்துவிடலாம். கிதார் கம்பிகளை வழக்கத்தைவிடத் தளர்த்திவிடுவோம். சத்தம் அப்படியே அடித்தொண்டைக்கு இறங்கிவிடும். உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிமேல் அழுத்திக்கொண்டு வாசித்தால் ஒவ்வொரு அடியும் அறுந்து அறுந்து விழும். டிரம்ஸில் இரண்டு காலுக்கும் தனித்தனிப் பெடல். பாட்டு தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று எல்லாம் நின்றுவிடும். அந்த அமைதியில் பாடுகிறவர் ஒரே ஒரு வரியைக் கத்துவார். கத்தி முடித்த மறுகணம் எல்லாரும் சேர்ந்து பாதி வேகத்தில், இரண்டு மடங்கு கனத்தில் இறங்க வேண்டும். இதற்குப் பிரேக்டவுன் என்று பெயர். பாதிப் பேர் இந்த இசையைக் கேட்பதே அந்த ஒரு இடத்துக்காகத்தான்.

தங்கச்சியைப் பாடுகிறவள் என்று சொன்னேன். கத்துகிறவள் என்பதே சரி. அல்லிநகரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருக்கிறாள். "நாள் பூரா கொரல ஒசத்தாமப் பேசிப் பேசி, மிச்சம் கெடக்குற சத்தத்தையெல்லாம் இங்கன கொண்டாந்து கொட்டுறேன் பாய்" என்பாள். தொண்டையை வைத்துக் கத்தினால் ஒரே வாரத்தில் குரல் போய்விடும். அடிவயிற்றிலிருந்து மூச்சைத் தள்ள வேண்டும். அவள் முதன்முதலில் என் குடோனில் கத்திய அன்று, பக்கத்துக் கொட்டகையில் பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்த அக்காமார்கள் முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, "ஒண்ணுமில்லக்கா, பாட்டு" என்றாள். "இதுக்குப் பாம்பே தேவல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இந்த இசை எப்படிப் பிறந்தது என்று கேட்டால் மச்சான் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்துவிடுவான். அமெரிக்கச் சின்ன ஊர்களில் எண்பதுகளில் இரண்டு கூட்டம் இருந்ததாம். ஒன்று ஹார்ட்கோர் பங்க். கிதாரில் மூன்றே மூன்று கார்டு, ஒரு நிமிடப் பாட்டு, அலங்காரம் கிடையாது, கோபம் மட்டும். இன்னொன்று மெட்டல். நீளமான முடி, நீளமான பாட்டு, விரல் தேயப் பழகிய வேகம். ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. ஆனால் இருக்கிற ஹால் ஒன்றுதான் என்கிறபோது என்ன செய்வது? ஒரே மேடையில் மாறி மாறி வாசித்தார்கள். வாசிக்க வாசிக்க இவன் வேகத்தை அவன் எடுத்துக்கொண்டான், அவன் கத்தலை இவன் எடுத்துக்கொண்டான். தொண்ணூறுகளில் இரண்டும் கலந்து தனியாக ஒன்றாகிவிட்டது. மச்சான் இதைச் சொல்லி முடிக்கும்போது மெட்டல்காரர்கள்தான் பெரிய மனது பண்ணிப் பங்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதுபோல் முடிப்பான். உடனே பங்க் கட்சிக்காரனான மாப்பிள்ளை, "ரீல் சுத்தாதீக மச்சான். நாங்க வீடு கட்டி வச்சோம், நீங்க வந்து குடியேறுனீக" என்பான்.

ஆளும் அப்படித்தான். மச்சானுக்கு லோயர் கேம்ப்பில் பவர் ஹவுஸ் வேலை. கம்பம், தேனி என்று பஸ் மாறி மாறி வடுகபட்டிக்கு வருகிற மனிதன், இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து இறங்குவான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கிதாரைத் தொட மாட்டான். சுருதி பார்க்கிறேன் என்று கம்பியோடு அவன் மல்லுக்கட்டுகிற நேரத்தில் நான் ஒரு மூட்டை பூண்டைப் பிரித்துவிடலாம். மாப்பிள்ளைக்கு அல்லிநகரத்தில் டயர்க் கடை. கையில் கிரீஸோடு வந்து உட்காருவான். நாங்கள் தயாரா என்று பார்க்கக்கூட மாட்டான், குச்சியைத் தட்டி ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று கவுண்ட் கொடுத்துவிடுவான். சரியாக இருக்க வேண்டும் என்பது மச்சானின் மதம். உண்மையாக இருந்தால் போதும், சரியாவது ஒன்றாவது என்பது மாப்பிள்ளையின் மதம். இரண்டும் எனக்குப் பிடிக்கும், இரண்டும் எனக்கு எரிச்சல்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் மச்சான் தன் தங்கையைப் பிராக்டிஸுக்குக் கூட்டி வந்தான். டிரம்ஸுக்குப் பின்னால் இருந்தவன் அவள் கத்தியதைக் கேட்டான். அவ்வளவுதான், கொஞ்ச நாளிலேயே பெண் கேட்டு லோயர் கேம்ப்புக்கு ஆள் போயிற்று. அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லாத பெண். அண்ணன்தான் வளர்த்தான், அண்ணன்தான் கட்டிக் கொடுத்தான். அந்த ஒரு வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. இதை நன்றாக மனதில் வைத்துக்கொண்டால்தான் பிறகு நடந்தது புரியும்.

மாப்பிள்ளை அல்லிநகரத்தில் புது வீடு கட்டினான். பால் காய்ச்சுகிற நாளும் வந்தது. சொந்தபந்தங்களுக்கெல்லாம் அவன் அம்மா வீடு வீடாகப் போய்த் தாம்பூலம் வைத்து அழைத்தாள். மச்சானைத் தானே அழைத்துக்கொள்வதாக மாப்பிள்ளை சொல்லிவிட்டான். சொன்னவன் என்ன செய்தான்? எங்கள் பேண்ட் வாட்ஸப் குரூப்பில், பிராக்டிஸ் நேரம் போடுகிற இடத்தில், அழைப்பிதழைப் போட்டோ எடுத்துப் போட்டு, கீழே "எல்லாரும் வந்துருங்க" என்று எழுதிவிட்டான். நானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அன்றைக்குப் போய்ச் சாப்பிட்டேன். மச்சான் வரவில்லை.

பெண் எடுத்த வீட்டார், பெண்ணின் அண்ணனை எப்படி அழைக்க வேண்டும் என்பதற்கு இங்கே ஒரு முறை இருக்கிறது. நேரில் போக வேண்டும், தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, வாயால் சொல்ல வேண்டும். மாப்பிள்ளைக்கு அது தெரியாமல் இல்லை. "ஒரே பேண்டுல இருக்கோம் பாய், எங்களுக்குள்ள என்ன தட்டு?" என்றான் என்னிடம். அவன் கணக்கில் அது நெருக்கம். மச்சானோ, "குரூப்புல போட்டா அழைப்பா பாய்? உங்களுக்கும் எனக்கும் ஒரே அழைப்பா? நான் பொண்ணு குடுத்தவன்" என்றான். அவன் கணக்கில் அது அவமானம். நெருங்கிவிட்டோம் என்று நினைத்துச் செய்த தப்பு இது. வேறு எந்த ஊர் மெட்டல்கோர் பேண்டிலும் இப்படி ஒரு சண்டை வந்திருக்காது என்று சத்தியம் செய்வேன்.

அதோடு பேச்சு நின்றது. பேச்சுதான் நின்றதே தவிரப் பிராக்டிஸ் நிற்கவில்லை. "வீடு வேற, பேண்ட் வேற" என்று இரண்டு பேரும் என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார்கள். ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு வாசிப்பார்கள். எதையாவது சொல்லியாக வேண்டும் என்றால், நடுவில் நான் இருக்கிறேனே.

"பாய், அவுககிட்டச் சொல்லுங்க, ரெண்டாவது வரில ஓடுறாகன்னு. யாரும் தொரத்தல."

"பாய், அவுககிட்டச் சொல்லுங்க, மெதுவாப் போகணும்னா மாட்டு வண்டில வரச் சொல்லி."

இரண்டு பேருக்கும் நடுவே பத்தடி தூரம் இருக்காது. ஒருவன் சொல்வது மற்றவன் காதில் நன்றாக விழும். இருந்தாலும் நான் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பதில் வராது. வாய்விட்டுச் சொல்கிறேன், பாஸ் கிதார் பழகியதற்காக நான் வருத்தப்பட்ட நாட்கள் அவை.

ஆனால் ஒன்று. எங்களுக்கு என்று ஒரு நல்ல பிரேக்டவுன் கிடைத்தது அந்தச் சண்டையில்தான். மச்சான் ஒரு நாள், பஸ்ஸில் வரும்போது யோசித்தது என்று கிதாரில் ஒரு பின்னல் பின்னிக்கொண்டு வந்தான். முள்வேலி மாதிரி, எங்கே கை வைத்தாலும் குத்தும். மாப்பிள்ளையைத் தடுக்கி விழவைக்க வேண்டும் என்பதுதான் எண்ணம், எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளை கொஞ்ச நேரம் துரத்திப் பார்த்தான். பிறகு வீம்புக்கு வேகத்தைப் பாதியாக உடைத்துப் போட்டான். நிறுத்தினால் தோற்றதாகிவிடும் என்று மச்சானும் நிறுத்தவில்லை. தன் பின்னலை அந்தக் கனத்துக்கு வளைத்து வளைத்து, ஒவ்வொரு அடியாக இறக்கினான். மூட்டைகளிலிருந்து பூண்டுத் தோல் எழும்பிப் பறந்தது. என் பாஸ் கிதார் இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் ஒரே இடத்தில் விழுகிற அந்தச் சத்தம், அடடா, அதை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

நான் குதித்தேன். தங்கச்சி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு, "ஆனா சண்ட போட்டாத்தான் இது வரும்னா, எனக்கு இந்தப் பாட்டே வேணாம் பாய்" என்றாள். அவள் உண்டாகியிருந்தது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

வயிறு மேடிட்டதும் அவள் வருவதை நிறுத்திவிட்டாள். அடிவயிற்றிலிருந்து மூச்சைத் தள்ள அங்கே இப்போது இடமில்லை என்று சிரித்தாள். நாங்கள் மூவரும் பாட்டில்லாமல் வாசித்தோம். ஏழாம் மாதம் வந்தது. வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. தலைப்பிள்ளை. பிறந்த வீட்டிலிருந்து வந்து வளையல் அடுக்கி, கட்டுச்சாதம் போட்டு, பிள்ளைப்பேற்றுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பிறந்த வீடு என்பது மச்சான். மச்சான் வர வேண்டும் என்றால் போய் அழைக்க வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா பாவம், லோயர் கேம்ப்புக்குப் போய்க் கூப்பிட்டுவிட்டு வந்தாள். அவளுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டு மச்சான் என்னிடம் போனில் சொன்னான்: "கூப்புட வேண்டியவுக கூப்புடட்டும் பாய். அவுகளுக்கு நான் பேண்ட் மெம்பரா, மச்சானான்னு தெரிஞ்சுக்கணும்." மாப்பிள்ளையிடம் போனேன். "எங்க வீட்டுல பால் காய்ச்சுனப்ப எட்டிப் பாக்காதவுக. அவுக வாசல்ல போயி நான் கைகட்டி நிக்கணுமாக்கும்?" என்றான்.

அண்ணன் வராவிட்டால் வளையல் போட ஊரில் ஆள் இல்லாமலா போகும்? போட்டுவிடுவார்கள். மாப்பிள்ளையின் அக்கா போடுவாள், பக்கத்து வீட்டில் போடுவார்கள். ஆனால் நாதியத்தவள் என்று ஒரு சொல் இருக்கிறதே, அது அந்தப் பெண்ணின் மேல் விழுந்துவிடும். பிறகு பேச்சு சரியானாலும் அந்தச் சொல் போகாது. இதைச் சொல்லித்தான் இரண்டு பேரிடமும் நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். கத்துவதில் எனக்குப் பயிற்சி போதாது போலிருக்கிறது.

வளைகாப்புக்கு முந்தின வாரப் பிராக்டிஸ். மாப்பிள்ளையோடு தங்கச்சியும் வந்து இறங்கினாள். இவன் முகத்தைப் பார்த்தேன், வேண்டாம் என்று சொல்லித் தோற்றிருக்கிறான் என்று தெரிந்தது. மச்சான் தங்கையைப் பார்த்ததும் எழுந்து, ஒரு ஸ்டூலைத் துடைத்து அவள் பக்கம் தள்ளினான். அவள் உட்காரவில்லை. "அந்தப் பாட்டு வாசிங்க" என்றாள். எந்தப் பாட்டு என்று யாரும் கேட்கவில்லை.

வாசித்தோம். அவள் வரிகளைக் கத்தவில்லை, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பிரேக்டவுனுக்கு முந்தின இடம் வந்தது. மூவரும் ஒன்றாக நிறுத்தினோம். மாப்பிள்ளை குச்சியை ஓங்கியபடி இருந்தான், மச்சான் கை கம்பிக்கு மேலே நின்றது. இங்கேதான் அவளுடைய ஒரு வரி. அந்த வரி முடிந்ததும் இறங்க வேண்டும்.

அவள் முழுக் குரலில் கத்தினாள்.

"என்னைய யாரு கூட்டிட்டுப் போறது?"

பாட்டில் அப்படி ஒரு வரி கிடையாது. யாரும் இறங்கவில்லை. ஆம்ப்ளிஃபயர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கொட்டகையில் அக்காமார்களின் முறச் சத்தமும் நின்றுபோயிற்று. அவள் மைக்கைக் கீழே இறக்கவில்லை, கண்ணையும் துடைக்கவில்லை, யாரையும் தனியாகப் பார்க்கவும் இல்லை.

மச்சான் பழக்கத்தில் என் பக்கம் திரும்பினான். "பாய், அவுககிட்ட..."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "ஏலே, வாய மூடு. இனி ஒரு சேதி என் வழியாப் போகாது. அந்தப் புள்ள கேட்டது ஒங்க ரெண்டு பேரையும். பதில் சொல்லலேன்னா கொடோனப் பூட்டிச் சாவிய வாய்க்கால்ல எறிஞ்சிருவேன்" என்றேன்.

மச்சான் தரையைப் பார்த்துச் சொன்னான்: "கூப்புடாம எப்படி வர்றது?"

மாப்பிள்ளை குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, ஸ்டாண்டில் இருந்த பெரிய வட்டப் பித்தளைச் சிம்பலின் திருகைக் கழற்ற ஆரம்பித்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பேண்டைக் கலைத்துவிட்டுப் போகிறான் என்றுதான் நினைத்தேன். கழற்றிய சிம்பலைத் தன் பனியனால் துடைத்தான். "பாய், பெட்டிக்கடையில வெத்தல பாக்கு, ரெண்டு பழம்" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. செருப்பு மாட்டாமல் ஓடினேன்.

சிம்பலைக் கவிழ்த்துப் பிடித்தால் அருமையான தட்டு. ஆனால் நடுவில் ஒரு குழி, குழிக்குள் ஓட்டை. அவசரத்தில் பாக்கை முதலில் போட்டான், அது குழிக்கு உருண்டு ஓட்டை வழியாகத் தரையில் விழுந்தது. பொறுக்கிப் போட்டோம், மறுபடியும் விழுந்தது. தங்கச்சி அழுதுகொண்டே சிரித்தாள். கடைசியில் நான் அடியில் கையைக் கொடுத்து விரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டேன். அவன் வெற்றிலையை அடுக்கினான், பாக்கை வைத்தான், வாழைப்பழத்தை வைத்தான். தட்டை அவன் பிடிக்க, அடியில் விரலைக் கொடுத்தபடி நானும் கூடவே குனிந்து நடக்க, மச்சானிடம் போய் நின்றோம். நடுவில் நிற்பது எனக்கு விதி.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினான். முறை தெரிந்தவன்தான். ஒரு வார்த்தை குறையாமல் சொன்னான்.

"மச்சான். வர்ற வெள்ளிக்கெழம ஒங்க தங்கச்சிக்கு வளைகாப்பு வச்சிருக்கோம். நீங்கதான் முன்ன நின்னு வளையல் போட்டு, தாய்வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

மச்சான் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் தட்டை வாங்கினான். என் விரல் இன்னும் அடியில்தான் இருந்தது, அதனால் இரண்டு முகத்தையும் மிகப் பக்கத்தில் பார்த்தேன். மச்சான் மெல்லச் சொன்னான்.

"மாப்ள, அன்னைக்குக் குத்துவெளக்கு வாங்கி வச்சிருந்தேன். ஒங்க வீட்டுக்கு. சட்டையப் போட்டுட்டு, விடியக்காலம் வரைக்கும் போனப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தேன். ஒரு வார்த்த 'வாங்க மச்சான்'னு வந்துருந்தாப் போதும்."

"பால் பொங்குற வரைக்கும் நானும் ரோட்டத்தான் மச்சான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றான் மாப்பிள்ளை. எனக்குக் கண் எரிந்தது, பூண்டு என்று சொல்லிக்கொண்டேன்.

"பிரேக்டவுன் பாக்கி இருக்கு" என்றாள் தங்கச்சி.

தட்டை ஒரு மூட்டைமேல் வைத்துவிட்டு வாசித்தோம். சிம்பல் விழ வேண்டிய இடங்களிலெல்லாம் மாப்பிள்ளை பழக்கத்தில் வெறும் காற்றை அடித்தான். இருந்தாலும் அன்றைக்கு விழுந்ததுபோல் அது என்றைக்கும் விழுந்ததில்லை. சண்டை இருந்தால்தான் அந்தச் சத்தம் வரும் என்று நான் பயந்திருந்தேன், அது சுத்தப் பொய்.

பிராக்டிஸ் முடிந்ததும் மாப்பிள்ளை சிம்பலுக்குக் கை நீட்டினான். மச்சான் கொடுக்கவில்லை. "தட்ட வெறும் தட்டாத் திருப்புறதா? நல்லாருக்கே" என்றான். வெற்றிலை பாக்கு பழத்தோடு, அதை மடியில் வைத்துக்கொண்டே லோயர் கேம்ப்புக்குப் பஸ் ஏறினான்.

வளைகாப்பு அன்று அல்லிநகரத்தில் வாசலில் நின்று நான் வழி பார்த்துக்கொண்டிருந்தேன். வேனிலிருந்து சீர்த்தட்டுகள் இறங்கின. எல்லாவற்றுக்கும் முன்னால், இஸ்திரி போட்ட சட்டையில், மச்சான் அந்தச் சிம்பலை ஏந்திக்கொண்டு வந்தான். சுற்றிலும் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல், அவன் வைத்த ஒவ்வொரு அடிக்கும் அது சலசலத்தது. வளையல்களுக்கு நடுவே, பால் காய்ச்சுக்கு வாங்கிய அந்தக் குத்துவிளக்கு நின்றது. அவசரமாகக் கிட்டே ஓடி, அடியில் விரலைக் கொடுக்கக் குனிந்தேன். விளக்கின் பாதம் ஓட்டையைச் சரியாக மூடியிருந்தது. "நகருங்க பாய்" என்றான் மச்சான், "தட்ட வாங்க மாப்ள நிக்கிறாக."